கங்கையம்மன் கல்லுக்குப் போகும் வழி

கும்மிடிப்பூண்டி,
12-4-1976

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் தங்கை செல்லி எழுதுகிறேன். இங்கே வெயில் ஒன்றுதான் அமோகமாக இருக்கிறது. மற்றபடி நாங்கள் சுகம். அண்ணிக்கு முட்டிவலி குறைந்ததா? போன மாதம் கட்டாயம் வருகிறேன் என்று சொன்னாய். உன்னை நம்பிப் பழவேற்காட்டு இறால் வாங்கி வைத்தேன். நீ வரவில்லை. கடைசியில் நானும் பக்கத்து வீட்டு அங்காளம்மாளுமாகத் தின்று தீர்த்தோம். "உங்க அண்ணன் இப்டியே வராத இருக்கட்டும்டி, நல்லா இருப்பாரு" என்று வாழ்த்தினாள்.

நீ வராவிட்டாலும் உன் லாரி வந்துவிட்டது. முந்தாநாள் அங்காளம்மாள்தான் ஓடி வந்தாள். "ஏ செல்லி, ஏரிக்குள்ள உங்க அண்ணன் லாரி வந்துகீது பாரு, நெத்தியில பேரு போட்டுகீது!" போய்ப் பார்த்தேன். நம் ஊர்ப் பெயரையும் சேர்த்துத் திருப்பாச்சூர் துளசிராமன் என்று சிவப்பு எழுத்தில் பளிச்சென்று இருந்தது. பொய் சொல்லவில்லை அண்ணா, எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. புதிதாக வரும் ஃபாக்டரிக்குத் தரையை உயர்த்த மண் என்றார்கள்.

ஆனால் ஒரு விஷயம் மனதை உறுத்துகிறது. ஏரி வற்றினால் இந்த ஊர்க்காரர்களும் மண் எடுப்பார்கள். மேலாக இருக்கும் வண்டலை ஏரி முழுக்கப் பரவலாகச் சுரண்டி வயலில் போடுவார்கள். அதனால் ஏரிக்கும் நல்லது, வயலுக்கும் நல்லது. உன் கலியன் மேஸ்திரி ஒரே இடத்தில் கிணறு வெட்டுவதுபோல வெட்டுகிறார். அதுவும் மேலண்டைப் பக்கம், கங்கையம்மன் கல்லுக்குப் போகிற வழியில்.

அந்தக் கல்லைப் பற்றி உனக்குத் தெரியாது. கல்யாணமாகி வந்த பிறகுதான் எனக்கே தெரியும். ஏரி நிரம்பிக் கோடி போகிற அன்று, அதாவது மிஞ்சின தண்ணீர் வழிந்து ஓடுகிற அன்று, இந்த ஊர்ப் பெண்கள் எல்லோரும் தண்ணீரில் நடந்து போய் அந்தக் கல்லுக்கு மஞ்சளும் வளையலும் வைப்போம். அந்தப் பக்கம் மேடு. ஏரி நிரம்பினாலும் இடுப்புக்கு மேல் தண்ணீர் ஏறாது. திரும்பும்போது அம்மனுக்கு முதுகு காட்டக்கூடாது என்று கல்லைப் பார்த்தபடியே பின்னால் நடந்து கரையேறுவோம். தரை அவ்வளவு சமம், காலுக்கு அவ்வளவு பழக்கம். அந்த வழியில் பள்ளம் விழுந்தால் என்ன ஆகும் என்று நீயே யோசி. மேஸ்திரியிடம் சொல்லி வேறு பக்கம் வெட்டச் சொல்.

உன் பிரியமுள்ள தங்கை,
செல்லி

---

திருவள்ளூர்,
21-4-1976

அன்புத் தங்கை செல்லியம்மாளுக்கு அண்ணன் ஆசீர்வாதம்.

கடிதம் கிடைத்தது. இறால் சமாசாரம் படித்து உன் அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். வேலை அப்படி. இரண்டாவது லாரிக்கு டயர் தேடி அலைகிறேன். சோறு தின்ன நேரமில்லை.

நீ சின்ன வயதிலேயே தண்ணீருக்குப் பயந்தவள். நைனா உன்னை மோட்டாரடியில் குளிக்கக் கூப்பிட்டால் தெருக்கோடிவரை அழுகை கேட்கும். இன்னும் மாறவில்லை. ஏரியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, கோடி போகிற நாளைப் பற்றிக் கவலைப்படுகிறாய்! போன இரண்டு வருஷமும் வானம் உங்களை ஏமாற்றியதே, அதை மறந்துவிட்டாயா?

மேலண்டைப் பக்கம்தான் லாரி இறங்க வசதி. மண்ணும் அங்கேதான் சரியாக அமைந்திருக்கிறது. கலியன் பழம் தின்று கொட்டை போட்ட மேஸ்திரி. அவன் பார்த்துக்கொள்வான். மாப்பிள்ளை சடையப்பனை நான் கேட்டதாகச் சொல்.

அண்ணன்,
துளசிராமன்

---

கும்மிடிப்பூண்டி,
8-6-1976

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஆமாம், நான் தண்ணீருக்குப் பயந்தவள்தான். அதனால்தான் எழுதுகிறேன். பயப்படாதவர்கள் யாரும் எழுதப் போவதில்லை.

நேற்று நானே ஏரிக்குள் இறங்கிப் போய்ப் பார்த்தேன். பள்ளத்தின் ஓரத்தில் நின்று குனிந்தால் உன் லாரியின் கூரை எனக்குக் கீழே தெரிகிறது. உன் பெயரைப் படிக்க எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. ஓரம் சரிவாகக்கூட இல்லை, சுவர்போலச் செங்குத்து. கலியன் மேஸ்திரியிடம் கேட்டேன். பீடியை எடுக்காமலே சொன்னார்: "தண்ணி வந்துச்சுன்னா எல்லாம் ஒண்ணாப் பூடும் தங்கச்சி. அப்பறம் பள்ளம் இன்னா, மேடு இன்னா?"

அண்ணா, என் பயமே அதுதான். தண்ணீர் வந்தால் பள்ளமும் மேடும் ஒன்றுபோலத் தெரியும்.

நீ இங்கே வந்து ஒரு தரம் பார். பார்த்தால் உனக்கே தெரியும். மழைக்கு முன்னால் அந்தப் பள்ளத்தை மூடிக் கொடுத்துவிடு. எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. உலையை வைத்துவிட்டு ஏரிப் பக்கம் போய் நிற்கிறேன். இவர் திட்டுகிறார். போன வாரம் சோறு குழைந்து கஞ்சியாகிவிட்டது. அதற்கும் உன் பெயரைத்தான் சொன்னேன்.

செல்லி

---

திருவள்ளூர்,
2-7-1976

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தைப் பார்த்து எனக்கும் கொஞ்சம் பேஜாராகிவிட்டது. கோபப்படாமல் கேள். எடுத்த மண்ணைத் திருப்பிக் கொண்டுவந்து கொட்ட எவனும் லாரி ஓட்டமாட்டான். ஊர் உலகத்தில் எங்கேயும் நடக்காத காரியம் அது. அந்த மண்மேல்தான் ஃபாக்டரி எழும்பப்போகிறது. நாளைக்கு உன் ஊர்ப் பிள்ளைகளுக்குத்தானே வேலை கிடைக்கும்? நானும் எத்தனை காலம் இன்னொருவன் லாரியை ஓட்டினேன்! நைனா போன பிறகு நான் தலைநிமிர்ந்த முதல் வேலை இது. அதில் என் தங்கையே கல்லைப் போட்டால் நான் எங்கே போவேன்?

ஒரு யோசனை சொல்கிறேன். இந்த வருஷம் பூஜையைக் கரையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

கண்டிப்பாக ஒரு நாள் வருகிறேன்.

அண்ணன்,
துளசிராமன்

---

கும்மிடிப்பூண்டி,
5-9-1976

அண்ணாவுக்கு,

நீ சொன்னபடி ஊரில் பேசிப் பார்த்தேன். கரையிலேயே பூஜை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். "உங்க அண்ணன் தோண்டிட்டாருன்னு அம்மன் எடம் மாத்திக்குவாளா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். உனக்குப் பதில் தெரிந்தால் எழுது.

உனக்குக் கலியன் சொல்லியிருப்பார். ஆமாம், வெள்ளிக்கிழமை லாரிக்கு முன்னால் நின்றேன். டிரைவர் ஆரன் அடித்துப் பார்த்தான், பிறகு இறங்கிக் கும்பிட்டான். "மொதலாளி தங்கச்சின்னு பாக்குறேன், தள்ளிக்கம்மா" என்றான். ஊரே கூடிவிட்டது. இவர் வந்து கையைப் பிடித்து இழுத்துப் போனார். மறுநாள்தான் கேட்டார்: "உங்க அண்ணன் மானத்தை நீயே வாங்குனா, என் மானத்தை யாரு காப்பாத்துவாங்க?"

எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது, ஆத்திரமாகவும் இருக்கிறது. உன் தொழில் கெட வேண்டும் என்று நான் நினைப்பேனா? உன் லாரிக்குத் தினம் கற்பூரம் ஏற்றி வைக்கச் சொன்னாலும் ஏற்றுவேன்.

சரி, மூட வேண்டாம். பள்ளத்தைச் சுற்றி நாலு பக்கமும் சவுக்குக் கம்பு நட்டு, கம்புக்குக் கம்பு கயிறு கட்டிக் கொடு. தண்ணீருக்கு மேல் தெரிகிற உயரத்துக்கு. இதுகூடச் செய்யாவிட்டால் நான் பஸ் ஏறித் திருவள்ளூர் வந்து உன் லாரி ஷெட்டு வாசலில் உட்கார்ந்துவிடுவேன். அண்ணி வந்து சமாதானம் செய்தாலும் எழுந்திருக்க மாட்டேன்.

செல்லி

---

திருவள்ளூர்,
26-10-1976

அன்புத் தங்கை செல்லியம்மாளுக்கு,

தீபாவளிக்கு உனக்கும் மாப்பிள்ளைக்கும் அனுப்பிய துணி கிடைத்ததா? அண்ணிதான் புடவை எடுத்தாள். நிறம் பிடிக்காவிட்டால் என்னைத் திட்டாதே.

நீ கேட்டபடி செய்தாயிற்று. பள்ளத்தைச் சுற்றி நாலு பக்கமும் சவுக்குக் கம்பு நட்டு, தேங்காய் நார்க் கயிறு கட்டி, சிவப்புத் துணியும் கட்டச் சொல்லிவிட்டேன். கலியன் முடித்துவிட்டான். இனிமேலாவது உலையில் அரிசி போட்டால் அங்கேயே நின்று வடித்து இறக்கு. ஷெட்டு வாசலில் உட்காரும் யோசனையை விட்டுவிடு. அங்கே கிரீஸும் ஆயிலும்தான், புதுப்புடவை பாழாகிவிடும்.

அண்ணன்,
துளசிராமன்

---

கும்மிடிப்பூண்டி,
9-11-1976

என் அன்புள்ள அண்ணாவுக்கு,

புடவை கிடைத்தது. நிறம் ரொம்பப் பிடித்திருக்கிறது. அதைவிட உன் கடிதம் பிடித்தது. படித்ததும் அழுதுவிட்டேன். இத்தனை மாதம் உன்னை என்னென்னவோ நினைத்தேன், எல்லாவற்றையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

இங்கே நல்ல மழை. மேலண்டைப் பக்கம் தண்ணீர் ஏறிவிட்டது. நான் ஏரிக்கரையில் நின்று பார்த்தேன். தூரத்தில் கம்புத் தலைகளும் சிவப்புத் துணியும் சுற்றிலும் தெரிகின்றன. இன்னும் ஒரு நல்ல மழை போதும், கோடி போய்விடும் என்கிறார்கள். இரண்டு வருஷம் கழித்துக் கோடி! ஊருக்கே தலைகால் புரியவில்லை.

பெண்களுக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தது. அங்காளம்மாள் வரவே மாட்டேன் என்றாள். "எனுக்கு நீச்சல் தெரியாதுடி, பின்னால பாக்காம நடக்கச் சொல்றே" என்றாள். உன் கடிதத்தை எடுத்து அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "பின்னால் நடக்கும்போது வழி தவறினாலும் முதுகில் கயிறு படும். பட்டதும் நின்றுவிடு, அவ்வளவுதான்" என்று சொன்னேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "உங்க அண்ணன் எழுதிக்கிறாருன்னா சரி" என்றாள். வீடு வீடாகப் போய் எல்லோருக்கும் இதையேதான் சொன்னேன்.

கோடி போனதும் தந்தி மாதிரி ஒரு கார்டு போடுகிறேன். நீயும் அண்ணியும் அந்தத் தண்ணீரைப் பார்க்க வர வேண்டும்.

உன் செல்லி

---

கும்மிடிப்பூண்டி,
1-12-1976

அண்ணா,

அங்காளம்மாள் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை ஏரி கோடி போனது. கரையில் பம்பை அடித்தார்கள். நாங்கள் தட்டு எடுத்துக்கொண்டு வரிசையாக இறங்கினோம். நான் முன்னால். அவள் பயந்துகொண்டு கடைசியில் வந்தாள். போகும்போது பக்கத்தில் உன் கம்புகளைப் பார்த்தோம். கண்ணில் பட்ட கம்பு வரிசைதான் எங்கள் பக்கத்து ஓரம், பள்ளம் அதற்கு அப்பால்தான் என்று நினைத்து ஒதுங்கி நடந்தோம். கல்லுக்கு மஞ்சள் பூசினோம், வளையல் வைத்தோம். திரும்பும்போது கடைசியில் நின்றவள்தான் முதலில் பின்னால் அடி வைக்க வேண்டும். அது அவள்.

எல்லோரும் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் போனதை, தூரத்தில் கரையில் இருந்தவர்கள் உட்பட, ஒருவரும் பார்க்கவில்லை. பம்பைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவும் இல்லை. நாங்கள் கரையேறிய பிறகு அவள் புருஷன் துலுக்காணம், "இன்னாம்மா, அவ எங்க?" என்று கேட்டார். அப்போதுதான் திரும்பிப் பார்த்தோம். தட்டு மட்டும் மிதந்துகொண்டிருந்தது.

இவரும் வேறு சிலரும் குதித்துத் தேடி எடுத்தார்கள். இவர்தான் வந்து சொன்னார். மூன்று பக்கம்தான் கம்பு இருக்கிறதாம். நாங்கள் நடக்கும் வழிப் பக்கத்தில் கம்பும் இல்லை, கயிறும் இல்லை. அந்தப் பக்கம் பள்ளம் கம்பைத் தாண்டியும் வந்திருக்கிறதாம்.

அவள் கயிறு முதுகில் படும் என்று நம்பிக்கொண்டே பின்னால் போயிருப்பாள். நான்தான் அப்படிச் சொன்னேன். நீ எழுதியதால் சொன்னேன்.

நாலு பக்கமும் என்றுதானே எழுதினாய்?

செல்லி

---

திருவள்ளூர்,
8-12-1976

என் தங்கை செல்லிக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து நான் நானாக இல்லை. அண்ணி அழுதுகொண்டே இருக்கிறாள். அந்த அம்மாளை நான் பார்த்ததில்லை, ஆனால் நீ எழுதி எழுதித் தெரிந்தவள் மாதிரிதான்.

உன்னிடம் மறைக்கவில்லை. வழிப் பக்கம் லாரி வர வேண்டியிருந்தது. கடைசியாகக் கொஞ்சம் மண் பாக்கி. அதை எடுத்துவிட்டு அந்தப் பக்கமும் கட்டு என்று கலியனிடம் சொல்லியிருந்தேன். நீ கவலைப்படுகிறாயே, எப்படியும் கட்டத்தானே போகிறோம் என்று நாலு பக்கமும் முடிந்ததாக எழுதிவிட்டேன். மழை முந்திக்கொண்டது. லாரியை வெளியே கொண்டுவருவதே பெரும்பாடாகிவிட்டது, கலியன் அப்படியே விட்டு வந்துவிட்டான். நான் வந்து பார்த்திருக்க வேண்டும். புத்தி கெட்டுப்போய்விட்டது.

விசாரணை நடக்கும் என்று சொல்கிறார்கள். செல்லி, உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன். என் பெயர் அதில் வந்தால் லாரி போகும், வேலை போகும், உள்ளேயே போட்டாலும் போடுவார்கள். போன உயிர் வரப்போவதில்லை. கால் வழுக்கி விழுந்தாள் என்று ஊர் சொன்னால் முடிந்துபோகும். உன் மேல் எல்லோருக்கும் மரியாதை உண்டு. நீ ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்கள். நான் உன் கூடப்பிறந்தவன் இல்லையா?

அண்ணன்,
துளசிராமன்

---

கும்மிடிப்பூண்டி,
24-12-1976

அண்ணாவுக்கு,

நீ கேட்ட வார்த்தையை நான் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. உன் கடிதம் வருவதற்கு முன்பே ஊர் தானாகப் பேசி முடிவு செய்துவிட்டது. "செல்லியோட அண்ணன் ஆச்சே. அந்தப் பொண்ணு லாரிய மறிச்சு நின்னுதே. அது மனசு நோகக் கூடாது" என்று பெரியவர்கள் சொன்னார்களாம். இவர் வந்து சொன்னபோது, உனக்கு நிம்மதியாக இருக்குமே என்று ஒரு நிமிஷம் எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால் என்னை எனக்கே பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை விசாரணைக்கு அதிகாரி வந்தார். பள்ளத்தை வெட்டியது யார் என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. லாரியில் பெயர் இருந்ததா என்று கேட்டார். படிக்கத் தெரியாது என்றார்கள். துலுக்காணத்தைக் கூப்பிட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "யாரு மேலயும் தப்பு இல்லீங்க சாமி. அவளுக்குக் கண்ணு மங்கலு. கால் வழுக்கி உழுந்துட்டா" என்றார்.

அண்ணா, அங்காளம்மாளுக்குக் கண் மங்கல் இல்லை. அவ்வளவு தூரத்திலிருந்து உன் லாரியை முதலில் பார்த்து ஓடி வந்தவளே அவள்தான். செத்துப்போன பெண்டாட்டியின் மேல் அவர் ஒரு பொய்யைப் போடுகிறார், எனக்காக. நான் நோகக்கூடாது என்று.

என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்துவிட்டேன். "வெட்டியது திருப்பாச்சூர் துளசிராமன், என் கூடப்பிறந்த அண்ணன்" என்று சொன்னேன். கம்பு நட்ட கதையையும் நடாத கதையையும் சொன்னேன். அதை நம்பிப் பெண்களை இறக்கியது நான் என்றும் சொன்னேன். யோசித்துத்தான் சொல்கிறாயா அம்மா, எழுதிக்கொள்ளட்டுமா என்று அதிகாரி கேட்டார். எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். நைனா பெயரைக் கேட்டார். அதை இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

திரும்பும்போது எல்லோரும் என்னை விட்டு ஒதுங்கி முன்னால் போய்விட்டார்கள். துலுக்காணம் மட்டும் தெருவில் வழி மறித்தார். "இன்னாத்துக்கும்மா சொன்னே? நான்தான் சொல்லிட்டனே" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். அவள் போன நாளிலிருந்து அவர் அழுது யாரும் பார்த்ததில்லை. இவர் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

நீ என்னை இனி தங்கை என்று நினைக்காமல் போகலாம். அண்ணி என் முகத்தில் விழிக்காமல் இருக்கலாம். ஆனால் திரும்ப எழுந்து நிற்கச் சொன்னால் மறுபடியும் அதையேதான் சொல்வேன். எனக்கு உன் மேல் கோபம் ஆறவில்லை. ஆசையும் போகவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு வீட்டுக்கும் ஏரிக்கும் நடந்துகொண்டிருக்கிறேன்.

நாலாவது பக்கத்துக்கு நாங்களே கம்பு நட்டுவிட்டோம். கோடை வந்து ஏரி வற்றினால் பள்ளத்தை ஊரே மூடும். அதற்கு உன் லாரி வந்தால் யாரும் மறிக்கமாட்டார்கள். நான் கேட்டுவிட்டேன்.

உன்னைக் கூப்பிட்டு ஆள் அனுப்புவார்கள். ஓடி ஒளியாமல் வா. வந்தால் நம் வீட்டில்தான் தங்க வேண்டும். உனக்குப் பிடித்ததைச் சமைத்து வைப்பேன். கோபம் இருக்கிறது என்பதற்காக உன்னைப் பட்டினி போட்டு அனுப்புவேனா? ஆனால் என் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் பக்கத்து வீட்டு வாசலில் போய் நில். அவர் உள்ளே வா என்று சொல்லும்வரை நில். சொல்லாவிட்டாலும் நில். அதன்பிறகு வா, இலை போடுகிறேன்.

உன் தங்கை,
செல்லியம்மாள்